மீட்டர்கள் பேசும் மொழி: ஐ.எஸ். 15959 – ஒரு மதிப்பீடு

சிவகாசிக் கம்பெனி ஒன்றின் தீக்குச்சியை வேறொரு கம்பெனிப் பெட்டியில் உரசிப் பாருங்கள்; பற்றிக்கொள்ளும். குச்சியின் முனையில் பொட்டாசியம் குளோரேட்டு, பெட்டியின் பக்கத்தில் சிவப்புப் பாஸ்பரஸ் என்பது எல்லாக் கம்பெனிக்கும் பொது. மின்மீட்டர்களுக்கோ கம்பெனிக்கொரு மொழி இருந்தது. அக்குறை தீர 2011-இல் வெளிவந்ததே ஐ.எஸ். 15959 என்னும் இந்தியத் தரநிலை. வோல்ட்டு, ஆம்பியர், யூனிட் ஒவ்வொன்றுக்கும் பொதுக் குறியெண் வகுத்தது அதன் சிறப்பு.

குறையும் உண்டு. ஸ்மார்ட் மீட்டரின் செய்தியைச் சுமந்து செல்லும் ரேடியோ வலையமைப்பை அது ஒருமைப்படுத்தவில்லை. ஒரு கம்பெனியின் வலையமைப்பில் மற்றொரு கம்பெனி மீட்டர் சேராமற் போகலாம். அப்போது மின்வாரியம் முதலில் விற்றவரையே நம்பியிருக்க நேரும். அந்தச் செலவு இறுதியில் நம் கட்டணத்தில்தான் ஏறும். மொழி பொதுவாயிற்று, பாதையும் பொதுவாக வேண்டாமா? மின்பொறியியல் பயில விரும்பும் மாணவர்களே, இப்பணி உங்களுக்காகக் காத்திருக்கிறது.