பின்பாட்டுக்காரர் பேர் என்ன?

ஆற்காடு, திமிரி, கலவை பக்கம் ராத்திரி முழுக்கக் கூத்துப் பார்த்துட்டு வர்ற ஒருத்தரிடம் "நேத்து துரியோதனன் வேஷம் யாரு?" என்று கேளுங்கள். பேரோடு ஊரையும் சேர்த்துச் சொல்வார். "பின்பாட்டு யாரு?" என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பார். "முகவீணை யாரு?" என்றால் "அந்த ஜமா ஆளுதான்" என்று முடித்துவிடுவார். இந்தக் குறிப்பு அந்த யோசனையைப் பற்றியது. பாட்டும் ஆட்டமும் கதையும் சேர்ந்த மேடைக்கலையை யாராலும் தனியாகச் செய்ய முடியாது. பல பேர் சேர்ந்து செய்கிறார்கள், பெரும்பாலும் நண்பர்களாக இருந்து செய்கிறார்கள். ஆனால் பேர் ஒரு பக்கம் போகிறது, காசு இன்னொரு பக்கம் போகிறது, நட்பு மட்டும் நடுவில் நிற்கிறது.

முதலில் கொஞ்சம் தூரத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். அமெரிக்காவில் பிராட்வே இசை நாடகம் என்று ஒரு பெரிய மரபு உண்டு. அங்கே வேலைப் பிரிவு ரொம்பத் தெளிவு: மெட்டுப் போடுகிறவர் ஒருவர், பாட்டு எழுதுகிறவர் ஒருவர், கதை வசனம் எழுதுகிறவர் ஒருவர், இயக்குநர், நடன அமைப்பாளர். ஒவ்வொருவர் பேரும் போஸ்டரில் இருக்கும், ஒவ்வொருவருக்கும் ராயல்டியில் பங்கு உண்டு. ரிச்சர்ட் ராட்ஜர்ஸ் முதலில் லோரன்ஸ் ஹார்ட்டோடு வேலை செய்தபோது பெரும்பாலும் மெட்டு முதலில் வரும், வரிகள் பிறகு. 1943-இல் 'ஓக்லஹோமா!' நாடகத்திலிருந்து ஆஸ்கர் ஹாமர்ஸ்டைனோடு சேர்ந்ததும் இது தலைகீழானது. ஹாமர்ஸ்டைன் வரி எழுதிக் கொடுப்பார், அதற்கு ராட்ஜர்ஸ் மெட்டுப் போடுவார். கூட்டாளி மாறியதும் பாட்டு பிறக்கும் வழியே மாறிவிட்டது.

1957-இல் வந்த 'வெஸ்ட் சைட் ஸ்டோரி' விஷயம் இன்னும் சுவாரஸ்யம். பாட்டு வரிகளை லெனார்ட் பெர்ன்ஸ்டைனும் இளைஞர் ஸ்டீபன் சாண்டைமும் சேர்ந்து எழுத ஆரம்பித்தார்கள். கடைசியில் பெர்ன்ஸ்டைன் தன் பேரை விட்டுக்கொடுத்தார், வரிகளுக்கான பேர் முழுக்க சாண்டைமுக்கு வந்தது. ராயல்டியையும் அதற்கேற்ப மாற்றிக்கொள்ளலாம் என்றபோது, பேர் போதும், காசு வேண்டாம் என்று சாண்டைம் சொல்லிவிட்டார். பின்னாளில் அதற்காக வருத்தப்பட்டு, அதையே சிரித்துச் சிரித்துச் சொல்லிக்கொண்டிருந்தார். பேர் வேறு, காசு வேறு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

அதே சாண்டைம் இயக்குநர் ஹால் பிரின்ஸோடு 1970-இல் 'கம்பெனி'யில் ஆரம்பித்து வரிசையாகப் பல நாடகங்கள் செய்தார். 1981-இல் 'மெரிலி வி ரோல் அலாங்' வந்தது. கதையே மூன்று நண்பர்கள் சேர்ந்து படைத்து, பிறகு பிரிந்துபோவதைப் பற்றியது. அது 16 காட்சிகளோடு நின்றது. அதற்குப் பிறகு இருவரும் இருபது வருஷத்துக்கு மேல் சேர்ந்து நாடகம் செய்யவில்லை. நட்பு உடைவதைப் பற்றிய நாடகம் ஒரு கூட்டணியையே உடைத்தது என்று இதை எழுதுகிறவர்கள் உண்டு. என் பார்வை வேறு. அந்தக் கூட்டணி உடைந்தது எல்லோருக்கும் தெரியக் காரணம், அது கூட்டணி என்பது முன்பே எழுத்தில் பதிவாகி இருந்ததுதான். பேர் பதிவானால்தான் பிரிவும் பதிவாகும். நம்ம ஊர் ஜமாவில் எத்தனை கூட்டணி சேர்ந்தது, எத்தனை உடைந்தது என்று யாருக்குத் தெரியும்?

இப்போது கூத்துக்கு வருவோம். பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாக: திரௌபதி அம்மன் கோயில் விழாவில் பாரதம் பல நாள் நடக்கும். பகலில் பிரசங்கியார் கதை சொல்வார். அதே கதையை ராத்திரி ஜமா கூத்தாக ஆடும். அர்ச்சுனன் தபசு அன்றைக்கு உயரமான மரத்தை நட்டு, வேஷக்காரர் பாடிக்கொண்டே மேலே ஏறுவார். பதினெட்டாம் போருக்கு மண்ணால் பெரிய துரியோதனன் உருவம் செய்து படுகளம் நடக்கும், பிறகு தீமிதி. ஆக ஒரு கதையைப் பிரசங்கியார், ஜமா, கோயில், ஊர் என்று நாலு தரப்பு பங்குபோட்டுச் சொல்கிறது. எழுத்தில் ஒப்பந்தம் கிடையாது. வெற்றிலைப் பாக்கு, முன்பணம், அவ்வளவுதான்.

மேடைக்குள்ளே வந்தால் பங்கு இன்னும் நுணுக்கமாகிறது. வேஷக்காரர் திரைக்குப் பின்னால் நின்று பாடி, திரை விலக்கி, கிறுக்கி சுற்றி, தன்னை யார் என்று அறிவிக்கிறார். தருவின் ஒரு வரியை அவர் பாடியதும் பின்பாட்டுக்காரர்கள் அதை வாங்கிக்கொள்கிறார்கள். அவர்கள் பாடும் நேரத்தில்தான் அவர் ஆடுகிறார், மூச்சும் வாங்கிக்கொள்கிறார். கனமான கட்டை, கிரீடம், புஜக்கட்டை எல்லாம் கட்டிக்கொண்டு விடியவிடிய ஆடுகிற ஆளுக்கு அந்த இரண்டு வரி இடைவெளிதான் உயிர். வேஷக்காரருக்கு வரி மறந்தால் எடுத்துக் கொடுப்பதும் அவர்கள், சுருதி விலகினால் பிடித்து இழுப்பதும் அவர்கள். கட்டியங்காரன் கேள்வி கேட்டுக் கேட்டு ராஜாவைப் பேச வைக்கிறான். மிருதங்கம், டோலக், முகவீணை, ஆர்மோனியம், தாளம் எல்லாம் அடவு எங்கே முடிகிறது என்று காலைப் பார்த்துக்கொண்டே வாசிக்கிறார்கள். அதனால் கர்ணன் பாடினார் என்று நாம் சொல்வது பாதி உண்மை. அந்தப் பாட்டில் பாதியைப் பாடியது பின்னால் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்.

இந்த உள்கூட்டணிக்குள் வெளியாள் வந்து சேரும்போது என்ன நடக்கிறது? இதில் நமக்குத் தெரிந்த மூன்று கதைகள் இருக்கின்றன.

முதல் கதை புரிசை. செய்யாறு பக்கத்தில், பழைய வட ஆற்காடு மாவட்டத்தில் இருக்கும் ஊர். புரிசை கண்ணப்பத் தம்பிரானின் கூத்தை 1970களில் பார்த்த எழுத்தாளர் ந. முத்துசாமி, தமிழுக்கு நவீன நாடகம் வேண்டும் என்றால் அது இங்கிருந்துதான் புறப்பட வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார். கூத்தைப் பற்றிக் கட்டுரைகள் எழுதினார். 1977-இல் கூத்துப்பட்டறை ஆரம்பித்தது. தம்பிரானிடம் பட்டறை நடிகர்கள் பயிற்சி எடுத்தார்கள். ஒரு சென்னை எழுத்தாளரும் ஒரு கிராமத்து வாத்தியாரும் ஒருவரை ஒருவர் உண்மையாகவே மதித்த உறவு அது. அன்றைய படித்த கூட்டம் கூத்தைத் தூக்கம் கெடுக்கிற சத்தமாகப் பார்த்த காலத்தில், இது நாடகம், இதில் இலக்கணம் இருக்கிறது என்று முத்துசாமி சொன்னது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் விமர்சனமாக ஒன்று சொல்லத்தான் வேண்டும். இன்றைக்குப் பசுபதியும் கலைராணியும் கூத்துப்பட்டறையில் வளர்ந்தவர்கள் என்று சினிமா பார்க்கிற எல்லோருக்கும் தெரியும். அந்தப் பட்டறையின் பேரிலுள்ள 'கூத்து' எந்த ஊரிலிருந்து வந்தது என்று எத்தனை பேருக்குத் தெரியும்? இது முத்துசாமியின் குறை இல்லை, அவர் வாழ்நாள் முழுக்கத் தம்பிரான் பேரைச் சொல்லிக்கொண்டேதான் இருந்தார். கேட்டவர்கள்தான் பாதியிலேயே நிறுத்திக்கொண்டார்கள். 2016-இல் பாரிஸில் அரியான் முனுஷ்கினின் தியாத்ர் து சொலேய் குழு, இந்தியாவில் ஓர் அறை என்று பொருள்படும் நாடகத்தை அரங்கேற்றியது. அதில் மகாபாரதக் கூத்துக் காட்சிகளைக் கற்றுக்கொடுத்தவர் தம்பிரானின் மகன் புரிசை கண்ணப்ப சம்பந்தன். பிரெஞ்சு நாடகத்துக்குள் நம்ம தரு தமிழிலேயே ஒலித்தது. நம்ம ஊர்ப் பேச்சில் இது எவ்வளவு அடிபட்டது என்று யோசித்துப் பாருங்கள்.

இரண்டாவது கதை பெருங்கட்டூர். கூத்துக் குடும்பத்தில் பிறந்த பெ. ராஜகோபால் பத்து வயதில் பள்ளிக்கூடத்தை விட்டு அப்பா பொன்னுசாமியின் குழுவில் ஆட வந்தவர். நெதர்லாந்திலிருந்து ஆராய்ச்சிக்கு வந்த ஹன்னே டி ப்ரூயின் அவரை மணந்தார். 1990-இல் கட்டைக்கூத்துச் சங்கம் ஆரம்பித்தது. 2002-இல் காஞ்சிபுரம் அருகே புஞ்சரசந்தாங்கலில் குருகுலம் வந்தது. கூத்தும் பள்ளிப் படிப்பும் ஒரே கூரைக்குக் கீழே. படிப்பை விட்டுத்தான் கலை என்ற நிலைமை அடுத்த தலைமுறைக்கு வேண்டாம் என்று தன் வாழ்க்கையிலிருந்தே ராஜகோபால் எடுத்த முடிவு அது. ஆண்களே பெண் வேஷம் கட்டிய கலையில் பெண் பிள்ளைகள் வேஷம் கட்டினார்கள், அதுவும் ஆண் வேஷம்கூட. அவர் எழுதுவார், இயக்குவார், ஆடுவார். ஹன்னே நாடகத்தின் கட்டமைப்பைப் பேசுவார், எழுதுவார், உலகத்துக்குக் கொண்டுபோவார். 2020-இல் குருகுலம் மூடியது. 18 வருஷம்.

பேரைப் பற்றிய சண்டையும் இங்கே உண்டு. புரிசைக்காரர்கள் 'தெருக்கூத்து' என்கிறார்கள். சங்கம் 'கட்டைக்கூத்து' என்கிறது, கட்டை அணிகலன்களைக் கட்டி ஆடுவதால். 'தெரு' என்பது கலையைத் தாழ்த்துகிறது என்பது ஒரு பக்கம், தெருவில் என்ன தாழ்வு என்பது இன்னொரு பக்கம். இதில் நான் ஒரு கட்சி எடுக்கவில்லை. தாங்கள் செய்வதற்குப் பேர் வைக்கிற உரிமை ஆடுகிறவர்களுக்கு உண்டு, அது இரண்டு பேருக்கும் பொருந்தும்.

மூன்றாவது கதை 2017-இல் வந்த 'கர்நாடிக் கட்டைக்கூத்து'. டி.எம். கிருஷ்ணா, சங்கீதா சிவகுமார் இருவரும் ராஜகோபால், ஹன்னேவோடு சேர்ந்து, பகடை துகிலுரிதலையும் பதினெட்டாம் போரையும் ஒரே மேடையில் கச்சேரி இசையும் கூத்தும் கலந்து கொடுத்தார்கள். இரண்டு மிருதங்கம், இரண்டு சமூகம், இரண்டு சுருதிப் பழக்கம். மைக் இல்லாமல் கடைசி வரிசை வரைக்கும் கேட்கப் பழகிய தொண்டையும், மைக் முன்னால் நுணுக்கம் காட்டப் பழகிய தொண்டையும் பக்கத்தில் பக்கத்தில். துணிச்சலான வேலைதான். சபாவுக்கு வருகிறவர் முன்னால் கூத்துக்காரர் சம ஆசனத்தில் உட்கார்ந்தது அரசியல் ரீதியாகவும் முக்கியம்.

என் கேள்வி ஒன்றே ஒன்று. வழி இரண்டு பக்கமும் திறந்ததா? கூத்து சபாவுக்குப் போனது. சபாக்காரர் பங்குனி ராத்திரியில் செய்யாறு பக்கம் பாய் விரித்து உட்கார வந்தாரா? மேடையில் சமம் என்பதை ஒரு மாலைக்குள் செய்துவிடலாம். மறுநாள் கூலியிலும் மரியாதையிலும் அந்தச் சமம் இருந்தால்தான் கூட்டு முழுமையாகும். இந்தக் கேள்வி கிருஷ்ணாவுக்கும் தெரியாதது இல்லை. மிருதங்கம் செய்கிறவர்களைப் பற்றி 2020-இல் 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்று புத்தகமே எழுதினார். பாலக்காடு மணி ஐயரின் நாதத்துக்குப் பின்னால் பர்லாந்து என்ற கைவினைஞரின் காதும் கையும் இருந்ததை அது பேசுகிறது. பசுத் தோல், ஆட்டுத் தோல், எருமை வார், இத்தனையும் சேர்ந்தால்தான் மிருதங்கம்.

தோல் என்றதும் வேலூர், ஆம்பூர்க்காரர்களுக்கு இது வேறு மாதிரி புரியும். நம்ம பக்கம் ஷூ கம்பெனியில் ஒருத்தர் கட்டிங், ஒருத்தர் அப்பர் தையல், ஒருத்தர் சோல் ஒட்டுவது, ஒருத்தர் பினிஷிங். எத்தனையோ கை பட்டு வெளியே போகிற ஷூவின் மேல் இருப்பது எங்கேயோ இருக்கிற ஒரு பிராண்டின் பேர். தைத்த அக்கா பேர் பெட்டியில் இருக்காது. அவர் அதை எதிர்பார்ப்பதும் இல்லை. ஷூவுக்கு அது பரவாயில்லை என்று ஒருத்தர் வாதாடலாம், ஒரு ஷூ மாதிரிதானே இன்னொன்று. பின்பாட்டு அப்படி இல்லை. ஆள் மாறினால் கர்ணனே மாறிப்போகிறார். இதை வேஷக்காரர்களிடம் கேட்டால் உடனே ஒத்துக்கொள்வார்கள்.

ஜமாவுக்குள்ளே இந்த மரியாதை இருக்கிறது. அது வெளியே எழுத்தில் வருவதில்லை, அதுதான் பிரச்சினை. திருவிழா நோட்டீஸை எடுத்துப் பாருங்கள். உபயதாரர் பேர், அவர் அப்பா பேர், கடை பேர், போட்டோ எல்லாம் இருக்கும். கூத்துக்கு ஒரு வரி, ஜமா பேரோடு சரி. எழுதுகிற நாமும் அப்படித்தான்: வாத்தியார் பேரைப் போடுவோம், வேஷம் கட்டியவர் பேரைப் போடுவோம், மற்றவர்களைக் 'குழுவினர்' என்று சுருட்டிவிடுவோம். பிராட்வேயில் சாண்டைமுக்குக் கிடைத்த அந்தப் பேர், இங்கே கேட்கவே வராத ஆட்களுக்கும் உரியதுதானே?

அதனால் ஒரு சின்ன வேண்டுகோள். இந்த வருஷம் உங்கள் ஊர்ப் பக்கம் கூத்து நடந்தால், வீடியோ எடுத்துப் போடும்போது வேஷக்காரர் பேரோடு பின்பாட்டு, முகவீணை, மிருதங்கம் வாசித்தவர் பேரையும் ஊரையும் அவர்களிடமே கேட்டுப் போடுங்கள். விழாக் கமிட்டியில் ஆள் தெரிந்தால் நோட்டீஸில் இன்னும் நாலு வரி சேர்க்கச் சொல்லுங்கள். அச்சுக் கூலி பெரிதாக ஒன்றும் ஏறிவிடாது. கூத்து விமர்சனம் எழுதுகிறவர்கள் இனிமேல் பெஞ்சிலிருந்து ஆரம்பித்து எழுதிப் பார்க்கலாம். அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் வேஷக்காரரின் முதுகும், எதிரே ஊர் ஜனத்தின் முகமும் தெரியும்.