தனியாள் வரலாறும் வகைமாதிரியும்: சமூகப்பணிப் பட்டக்கல்வி பற்றிய ஒரு திறனாய்வு நோக்கு

சமூகப்பணி இன்று பல நாடுகளில் பல்கலைக்கழகப் பட்டத்துக்குரிய ஒரு பயில்துறையாக நிலைபெற்றுள்ளது. இலங்கையில் அதற்கான நிறுவனரீதியான பயிற்சி 1952 ஆம் ஆண்டிலேயே தொடங்கிவிட்டதாயினும், இளமாணிப் பட்டநெறியொன்று உருவாவதற்கு 2005 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகத்தில் அந்நெறி ஆரம்பிக்கப்பட்ட வேளையில், 2004 டிசெம்பர் ஆழிப்பேரலையால் இடம்பெயர்ந்தோர் பலர் இன்னும் வீடு திரும்பியிருக்கவில்லை, யுத்தமும் முடிந்திருக்கவில்லை. துயர் துடைக்கும் தொழிலொன்று பட்டமாக உயர்வு பெறும் காலம், துயர் பெருகிய காலமாகவும் இருந்தமை தற்செயலானதெனக் கொள்வதற்கில்லை.

இலக்கிய ஆய்வாளராகிய நாம் இத்துறை பற்றி எழுத முற்படுவது சிலருக்கு வியப்பாக இருத்தல்கூடும். ஆனால், இப்பட்டநெறியின் மாணவர் களப்பயிற்சியின்போது எழுதிப் பழகும் முதன்மையான எழுத்துவடிவம் தனியாள் வரலாறு என்பதாகும். உதவி நாடி வரும் ஒருவரின் குடும்பம், கல்வி, உடல்நலம், வருமானம் ஆகியவற்றைப் பதிந்து, அவரது பிரச்சினையை இனங்கண்டு, மதிப்பிட்டு, இடையீட்டுக்கான திட்டமொன்றை வகுப்பதோடு அது முடிவடையும். இது தகவற் படிவம் மட்டுமன்று, ஓர் எடுத்துரைப்புமாகும். எதனைச் சொல்வது, எதனை விடுவது, காரணத்தை எங்கே நிறுத்துவது என்பவற்றை முன்கூட்டியே தீர்மானிக்கும் எந்த எடுத்துரைப்பும் கருத்துநிலைச் சார்புடையதே. அச்சார்பு யாது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வடிவத்தின் தோற்றத்தை வரலாற்றில் வைத்து நோக்குதல் அவசியம். 1869 இல் இலண்டனில் நிறுவப்பெற்ற தரும ஒழுங்கமைப்புச் சங்கம், உதவிக்கு உரியவர் யார், உரியவரல்லர் யார் எனப் பிரித்தறிவதற்காக ஏழைகளை வீடுவீடாக விசாரித்துப் பதிவுசெய்தது. தனியாள் வரலாற்றின் மூலம் இவ்விசாரணைப் பதிவேயாகும். இதற்கு மாற்றான மரபொன்றும் அக்காலத்திலேயே தோன்றியது. 1884 இல் இலண்டனில் ரொயின்பி மண்டபமும், 1889 இல் சிக்காகோவில் ஜேன் அடம்ஸ் முதலியோர் நிறுவிய ஹல் இல்லமும் ஏழைகளின் அயலிலேயே குடியிருந்து, அவர்தம் வாழ்நிலைமைகளை ஆராய்ந்தன. ஹல் இல்லத்தைச் சார்ந்தோர் தொழிற்சாலைச் சட்டங்களுக்காகவும் போராடினர்.

இவ்விரு மரபுகளுள் பல்கலைக்கழகத்தினுள் எளிதில் இடம்பெற்றது முதலாவதே. 1915 இல் ஏபிரகாம் பிளெக்ஸ்னர், சமூகப்பணி தனக்கே உரிய நுட்பமற்றதாதலால் முழுமையான உயர்தொழிலன்று என வாதிட்டார். ஈராண்டுகளின் பின் மேரி றிச்மண்ட் வெளியிட்ட 'சமூக நோய்நிர்ணயம்' என்ற நூல் அத்துறைக்கு ஒரு நுட்பத்தை வழங்கிற்று. றிச்மண்ட் சூழலைப் புறக்கணித்தவரல்லர். எனினும் நூலின் பெயரே ஒரு திசையைச் சுட்டுகின்றது. மருத்துவரின் முன் நோயாளி இருப்பதுபோல, பணியாளரின் முன் வறியவர் இருக்கிறார். தொடர்ந்து வந்த தசாப்தங்களில் பிராய்டின் செல்வாக்குப் பெருகியபோது, காரணம் மேலும் உள்நோக்கி, மனத்தினுள் நகர்ந்தது. ஓர் உயர்தொழிலாக ஏற்கப்படுவதற்கு இத்துறை கொடுத்த விலை இதுவென்பது எமது கருத்து.

நமது சூழலிலிருந்து ஓர் உதாரணத்தை நோக்குவோம். 2009 இல் யுத்தம் முடிவுற்றபின் வடக்குக் கிழக்கிலும் பிற கிராமப்புறங்களிலும் நுண்நிதிக் கடன் பெருமளவிற் பரவியது. 2018 இல் இலங்கைக்கு வந்த ஐக்கிய நாடுகள் சபையின் சுயாதீன நிபுணர், சில கடன்களின் ஆண்டு வட்டி 220 வீதம்வரை சென்றதைச் சுட்டிக்காட்டினார். இத்தகைய கடன்கள் மூன்றைப் பெற்று, ஒன்றை அடைக்க மற்றொன்றை எடுத்து, உறக்கமிழந்து நிற்கும் ஒரு பெண் மாணவர் ஒருவரின் களப்பயிற்சிக் கோப்பினுள் வருகின்றார் எனக் கொள்வோம். கோப்பு என்ன கூறும்? வருமானத்துக்கு மீறிய செலவு, நிதி முகாமைத்துவ அறிவின்மை, மனவழுத்தம், கணவனின் குடிப்பழக்கம். இடையீடு: உளவளத்துணை, சேமிப்புப் பயிற்சி. இவற்றுள் எதுவும் பொய்யன்று. அதுவே இவ்வடிவத்தின் அபாயமாகும். ஒவ்வொரு வாக்கியமும் உண்மையாக இருக்க, முழு அறிக்கை பொய்யாகி விடுகின்றது. வட்டி வீதம், கடன் வசூலிப்போர், வேலையற்ற கிராமம், யுத்தம் தின்ற சொத்து ஆகியவற்றுக்குப் படிவத்தில் இடமில்லை. இடமிருப்பினும் அது 'பின்னணி' என்ற தலைப்பின் கீழ் நான்கு வரிகளே.

2021 மார்ச்சில் பொலனறுவை மாவட்டத்தின் ஹிங்குராக்கொடவில் நுண்நிதிக் கடனாற் பாதிக்கப்பட்ட பெண்கள் சத்தியாக்கிரகத்தில் அமர்ந்தனர். தனித்தனிக் கோப்புகளில் ஆயிரம் 'பலவீனங்க'ளாகச் சிதறிக் கிடக்கக்கூடிய ஒன்றை அவர்கள் ஒரே கோரிக்கையாகத் திரட்டினர். 'சமுதாய ஒழுங்கமைப்பு' எனப் பாடநூலில் ஓர் அத்தியாயம் உண்டு. அவ்வத்தியாயம் வீதியில் எவ்வாறு எழுதப்படுமென்பதை அப்பெண்கள் காட்டினர்.

இவ்விடத்தில் இலக்கியத் திறனாய்வு தரக்கூடிய ஒரு கருத்தாக்கம் பயன்படும். யதார்த்த இலக்கியத்தின் பாத்திரத்தை லூக்காச் 'வகைமாதிரி' என விளக்கினார். வகைமாதிரி என்பது சராசரியன்று. தனித்தன்மையை இழந்த பொதுமையுமன்று. ஒரு தனிமனிதரின் வாழ்விலே வரலாற்றுச் சக்திகளின் மோதல் கூர்மையாக வெளிப்படும் நிலையே அது. புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி'யில் வரும் மருதியை எண்ணிப் பார்ப்போம். தமிழ்நாட்டின் தாழ்த்தப்பட்ட சாதியிற் பிறந்து, இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கூலியாக வந்து, சுரண்டலுக்கும் நோய்க்கும் ஆளான பெண் அவள். தனியாள் வரலாறு அவளை 'ஒழுக்கப் பிரச்சினையும் நோயும் உடையவர்' என வகைப்படுத்தக்கூடும். கதையோ, கிராமத்துச் சாதி அதிகாரத்தையும் தோட்டத்து முதலாளித்துவத்தையும் ஒரே உடலின் துன்பத்திற் சந்திக்க வைக்கின்றது. மருதி அதனால் மருதியாக இல்லாது போய்விடவில்லை. அவளை நாம் இன்னும் நெருங்கி அறிகின்றோம். கே. டானியலின் 'பஞ்சமர்' (1972) மேலும் ஒரு படி செல்கின்றது. அங்கு ஒடுக்கப்பட்டோர் உதவி பெறுவோராக அன்றி, யாழ்ப்பாணச் சாதியமைப்பை எதிர்த்துச் செயற்படுவோராகத் தோன்றுகின்றனர்.

தனியாள் வரலாறும் நாவலும் ஒரே செயலைச் செய்வனவல்ல என மறுப்புரைக்கப்படலாம். உண்மை. கோப்பு நாளைக் காலையே ஒரு குழந்தைக்கு உணவும் ஒரு பெண்ணுக்குப் பாதுகாப்பும் பெற்றுத்தர வேண்டும், நாவலுக்கு அக்கடப்பாடில்லை. இதனை மறந்து, சமூகப்பணி முழுவதையும் 'முதலாளித்துவத்தின் காயத்துக்குக் கட்டும் துணி' என ஒதுக்கும் போக்கு எம்மவரிடையே உண்டு. அது மார்க்சியமன்று, மார்க்சியத்தின் பேரால் வரும் சோம்பல். காயத்திலிருந்து குருதி வழியும்போது துணியும் வேண்டும். அமெரிக்காவில் பேர்தா றெயினோல்ட்ஸ் இரண்டாம் உலகப்போர்க் காலத்திற் கடற்றொழிலாளரின் தொழிற்சங்கத்தினுள் இருந்து தனியாள் பணி ஆற்றினார். பிரித்தானியாவில் கொறிகனும் லெனாட்டும் 1978 இல் வெளியிட்ட நூல், முதலாளித்துவத்தின் கீழ்ச் சமூகப்பணி நடைமுறையை மார்க்சிய நோக்கில் ஆராய்ந்தது. அரச நலன்புரி சேவை என்பது கட்டுப்படுத்தும் கருவி. அதேவேளை உழைக்கும் மக்களின் போராட்டத்தால் ஈட்டப்பட்ட பேறு. இவ்விரண்டையும் ஒருசேரக் காண்பதே இயங்கியல் நோக்காகும்.

பட்டநெறியில் இம்முரண்பாடு வெடிக்கும் இடம் களப்பயிற்சியே. விரிவுரையில் 'வலுவூட்டல்' எனக் கற்ற மாணவர், களத்திலே நிவாரணப் பட்டியலிற் பெயர் விடுபட்ட தாயின் முன் நிற்கிறார். அவ்வேளை எழும் குழப்பத்தை அவரது அனுபவக் குறைவாக மேற்பார்வையாளர் விளக்குவாராயின், மாணவரும் ஒரு தனியாள் வரலாறாகி விடுகிறார். அக்குழப்பத்தை அறிவின் தொடக்கமாகக் கொள்வதே நல்ல கற்பித்தல்.

எனவே நாம் முன்வைப்பது எளிய கோரிக்கையே. தனியாள் வரலாற்றைக் கைவிட வேண்டியதில்லை; அதனை வாசிக்கக் கற்பிக்க வேண்டும். ஒவ்வோர் அறிக்கையின் முடிவிலும் மூன்று வினாக்கள் எழுப்பப்படட்டும்: இத்துன்பம் இவ்வூரில் வேறு எத்தனை பேருக்கு உண்டு? இதனால் இலாபமடைவோர் யார்? இவர்கள் ஒன்றுசேரத் தடையாயிருப்பது எது? அத்துடன், நமது நாவலும் சிறுகதையும் இந்நெறியில் அலங்காரமாக அன்றிப் பாடநூல்களாகவே இடம்பெற வேண்டும். வறியவர் ஒருவரின் வாழ்வைத் தாளில் எழுதும் உரிமை பட்டத்தோடு வந்துவிடுவதில்லை. எழுதப்பட்டதை அவர் வாசித்து, 'இது என் கதைதான். ஆனால் என் கதை மட்டுமன்று' எனக் கூறும்போதே அது வருகின்றது.