இடக்காதில் மஹாகனி

மரக்கிண்ணம் வைத்த ஹெட்போன் என்று பேச்சு வந்தாலே வீணைக் குடத்தைத்தான் உதாரணம் காட்டுவார்கள். பலாமரக் குடம் தந்தியின் நாதத்தைப் பெருக்குகிறது, மஹாகனிக் கிண்ணமும் அதையே செய்கிறது என்பார்கள். நானும் பல வருஷம் அப்படித்தான் நம்பியிருந்தேன். விஷயம் நேர்மாறானது. வீணையில் மரம் பாட வேண்டும். ஹெட்போனில் மரம் வாய் திறக்கவே கூடாது.

ஹெட்போனுக்குள் இருக்கும் மெல்லிய சவ்வு காதுப் பக்கம் எவ்வளவு ஒலியைத் தள்ளுகிறதோ, ஏறக்குறைய அவ்வளவையே பின்பக்கமும் தள்ளுகிறது. மூடிய ஹெட்போனில் அந்தப் பின் ஒலி கிண்ணத்துக்குள் போய்ச் சுவரில் மோதித் திரும்பி, சவ்வையும் ஊடுருவி, கொஞ்சம் தாமதமாகக் காதுக்கு வந்து சேரும். அதை விழுங்குவதுதான் கிண்ணத்தின் வேலை. சன்னமான பிளாஸ்டிக் கூடவே அதிரும். உலோகத்தைத் தட்டினால் கணீரென்று ஒலித்துக்கொண்டே இருக்கும். கனமாகக் கடைந்த மரமோ தட்டினால் 'டொக்' என்று அடங்கிவிடும். அந்த அடக்கத்துக்காகத்தான் மரம். எந்த மரமும் முழுக்க அடங்குவதில்லை. மிச்சமிருக்கும் அந்தச் சிறு பேச்சுதான் ஒவ்வொரு மரத்தின் குணமாக நமக்குக் கேட்கிறது.

இதைச் சோதிக்க ஒரே சவ்வு, ஒரே காதுமெத்தை, வெவ்வேறு மரம் வேண்டும். அப்படி அமைவது அபூர்வம். ஜப்பானின் ஃபாஸ்டெக்ஸ், அமெரிக்காவின் மாஸ்டிராப் இணையக் கடையுடன் சேர்ந்து 2015-இல் கொண்டுவந்த டிஎச்-எக்ஸ்00 அதற்கு வழி செய்தது. 50 மில்லிமீட்டர் சவ்வு ஒன்றுதான். கிண்ணம் மட்டும் முதலில் மஹாகனியிலும், பிறகு பர்ப்பிள்ஹார்ட்டிலும் கருங்காலியிலும் வந்தது. மஹாகனி தண்ணீரில் மிதக்கும், கருங்காலி மூழ்கும். பர்ப்பிள்ஹார்ட் தென் அமெரிக்க மரம். அறுத்த கையோடு பார்த்தால் சாதாரணப் பழுப்பாகத்தான் இருக்கும்; காற்றும் வெளிச்சமும் பட்டபின் கத்தரிப்பூ நிறம் ஏறும்.

மெத்தையைத் திருகிக் கழற்றி, திருகாணிகளை எடுத்துக் கிண்ணத்தை மாற்ற ஐந்து நிமிஷம் ஆகிறது. அதற்குள் முன்பு கேட்டதைக் காது மறந்துவிடும். மனசு எதை எதிர்பார்த்ததோ அதையே கேட்டதாகச் சாதிக்கும். எனக்குப் பலன் தந்த வழி வேறு: இடப்பக்கம் மஹாகனி, வலப்பக்கம் பர்ப்பிள்ஹார்ட் மாட்டி, போனில் 'மோனோ' என்று வைத்துக் கேட்பது. இரண்டு காதிலும் ஒரே ஒலி ஓடும்போது பாட்டு தலைக்கு நட்டநடுவே நிற்க வேண்டும். எந்த இடத்தில் ஒரு பக்கம் சாய்கிறதோ, அங்கே மரம் பேசுகிறது.

முதலில் நாகஸ்வர வித்வான் ராஜரத்தினம் பிள்ளையின் தோடியைப் போட்டேன். ஒரு அசைவும் இல்லை. அந்தக் காலத் தட்டில் அடித்தள ஒலி அதிகம் பதிவாகவில்லை; நாகஸ்வரத்தின் வீச்சில் இரண்டு மரமும் ஒன்றுபோலவே நின்றன. அடுத்து ஒரு மிருதங்கத் தனி. வலந்தலைச் சாப்பு நடுவில்தான் விழுந்தது. தாழ்ந்த ஒலி தரும் தொப்பிப் பக்கத்தில் கும்கி இழைத்தபோது, அந்த உருளும் ஒலி மெல்ல வலப்பக்கம் நகர்ந்தது. தொடக்கம் நடுவில், கார்வை மட்டும் வலக்காதில். கிண்ணங்களை இடம் மாற்றிப் போட்டேன். கார்வையும் இடப்பக்கம் வந்துவிட்டது. பர்ப்பிள்ஹார்ட்டில் அடித்தளம் கூடுதல் என்று ஊரே சொல்வதை அன்றுதான் என் காதால் நம்பினேன். பர்ப்பிள்ஹார்ட்டுக்கு எதிரே கருங்காலியை வைத்தபோது கும்கி சட்டென்று முடிந்தது. குரலுக்கு மூன்றில் அதுதான் உத்தமம். வார்த்தைகளின் ஓரம் அவ்வளவு சுத்தம். ஆனால் அரை மணி நேரத்தில் கழுத்து கனத்தது.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அன்றே மெத்தையையும் மாற்றிப் பார்த்தேன். அந்த வித்தியாசத்துக்கு முன் மூன்று மரங்களின் வித்தியாசமும் சிறிதாகிவிட்டது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றினால்கூடப் போதும்; மெத்தை நன்றாகப் பதிந்து, அடித்தளம் கூடிவிடுகிறது. கிண்ணத்தின் ஆழமும் உள்ளே திணிக்கும் பஞ்சும்கூட மரத்தின் இனத்தைவிட அதிகம் பேசும். மரத்தை மட்டும் புகழ்ந்து விலை சொல்பவரிடம் மெத்தை, ஆழம், பஞ்சு பற்றியும் கேளுங்கள்.

அப்படியானால் மரம் வீணா? இல்லை. நல்ல கிண்ணம் செய்பவர்களின் கவனமே ஒரு கலை. சோனி 1989-இல் எம்டிஆர்-ஆர்10-க்கு முதிர்ந்த செல்கோவா மரத்தைக் கடைந்தது. ஃபாஸ்டெக்ஸ் டிஎச்900-இன் பிர்ச் மரக் கிண்ணத்துக்கு உருஷி என்ற ஜப்பானிய மரப்பால் அரக்கைப் பூசினார்கள். அந்தச் சிவப்புக்குள் பார்த்தால் அடியில் வெள்ளித்தகடு மின்னும். புரூக்லினில் பட்டறை வைத்திருக்கும் கிராடோ, புரூக்லினிலேயே வளர்ந்த மேப்பிள் மரத்தில் ஜிஎச்1 செய்தது. டெனான் 2018-இல் டி9200-க்கு எடுத்துக்கொண்டது ஜப்பானின் கோச்சி மாகாண மூங்கில். தொல்காப்பியர் கணக்கில் மூங்கில் மரமே அல்ல. புறத்தில் வைரம் இருப்பதால் புல். லேசாகவும் உறுதியாகவும் இருக்கும் அந்தப் புல், கிண்ணத்துக்கு நன்றாகவே பொருந்தியிருக்கிறது.

என் ஹெட்போனில் இப்போது இரண்டு பக்கமும் மஹாகனிதான். கும்கி அதில் அளவோடு நிற்கிறது, குரலும் கெடுவதில்லை, மூன்று மணி நேரக் கச்சேரிக்குத் தலையும் வலிப்பதில்லை. உங்களுக்கு வேறு மரம் பிடிக்கலாம். வாங்கும் முன் மோனோவில் ஒரு மிருதங்கத் தனி கேட்டுவிடுங்கள்.