நடுவில் விட்டுப்போகும் சேதிகள்

வயதான கல்லூரித் தோழர்கள் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளும் சேதி பெரும்பாலும் இரண்டே வகை. பேத்திக்கு மெடிக்கல் சீட் கிடைத்தது. இன்னார் இன்று அதிகாலை காலமானார். இவற்றுக்கு நடுவே கிடக்கும் பத்துப் பதினைந்து வருட முதுமை பேச்சில் வருவதே இல்லை. தோழர்கள் இப்படித் தொடர்பு விடாமல் சேதி பகிரும் வழக்கத்தின்மேல் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. அதனால்தான் இந்தக் குறை உறுத்துகிறது.

திருவள்ளூர் மாவட்டத்தின் வடகோடியில் வைத்து இதைப் பார்க்கலாம். பொன்னேரி உலகநாத நாராயணசாமி அரசு கல்லூரி 1965இல் தொடங்கியது. மீஞ்சூர், கவரைப்பேட்டை, ஆரணி, கும்மிடிப்பூண்டி என்று சுற்றுப்பட்டு ஊர்கள் நெல்லை நம்பியிருந்த காலம். வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரிப் படி ஏறிய அந்தத் தொடக்க செட்டுக்காரர்கள் இன்று எழுபத்தைந்தைத் தாண்டிவிட்டார்கள். அவர்கள் படித்து முடித்த பிறகுதான் கும்மிடிப்பூண்டிக்கு சிப்காட் வந்தது. அந்தத் தலைமுறையில் சிலர் வாத்தியார் ஆனார்கள், சிலர் மின்வாரியத்துக்கும் ரயில்வேக்கும் போனார்கள், சிலர் கம்பெனிகளில் நுழைந்தார்கள்.

இவர்களைப் போன்றவர்களின் வாட்ஸ்அப் குழுக்கள் செய்கிற நல்லதைக் குறைத்துச் சொல்ல முடியாது. வீட்டில் அப்பா, தாத்தா, சர்க்கரை நோயாளி என்று ஆகிவிட்டவரை "டேய்" என்று கூப்பிட உலகத்தில் மிச்சமிருப்பவர்கள் இவர்கள் மட்டும்தான். எனக்குத் தெரிந்த ஒரு குழுவில் ஒருநாள் இரவு, "ஸ்டான்லியில் சேர்த்திருக்கு, ஓ பாசிட்டிவ் ரெண்டு யூனிட் வேணும்" என்று சேதி வந்தது. விடிவதற்குள், சிப்காட்டில் நைட் ஷிஃப்ட் முடித்த இன்னொரு தோழரின் மகன் உடன் வேலை பார்ப்பவர்களைக் கூட்டிக்கொண்டு போய் நின்றான். ஆயுள் சான்று கொடுக்கக் கைரேகை பதியாமல் அலைந்தவரை, முகத்தைக் காட்டிப் பதிவு செய்யும் முறைக்கு வீடு தேடிப்போய் மாற்றிவிட்டதும் ஒரு வகுப்புத் தோழர்தான். சொந்தக்காரர்களிடம் கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் இங்கே கேட்டுவிடுகிறார்கள்.

ஆனால் எல்லோரும் கேட்பதில்லை. இந்தப் பக்கத்தில் அதற்கு வெளிப்படையான காரணம் ஒன்று உண்டு. அந்தத் தலைமுறையில் அரசு வேலையில் முழு சர்வீஸ் முடித்தவர் கடைசிச் சம்பளத்தில் பாதியைப் பென்ஷனாக வாங்குகிறார். அகவிலைப்படியும் ஏறிக்கொண்டே வருகிறது. கம்பெனியில் உழைத்தவருக்கு 1995இல் வந்த இ.பி.எஸ். என்னும் தொழிலாளர் ஓய்வூதியத் திட்டம்தான் கதி. அதன் குறைந்தபட்சத் தொகையை 2014 செப்டம்பரில்தான் மாதம் 1,000 ரூபாய் ஆக்கினார்கள். அகவிலைப்படி அதில் கிடையாது. ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்ட இருவர் இந்தக் கணக்கில் வேறு வேறு ஊர்க்காரர்கள் மாதிரி ஆகிவிடுகிறார்கள். ஒருவர் காசி யாத்திரைப் படம் போடுகிறார். மற்றவர் அதைப் பார்த்துவிட்டுக் கைகூப்பும் பொம்மை ஒன்றைப் போட்டு நகர்கிறார். பொன்விழாச் சந்திப்புக்கு ஆளுக்கு ஐயாயிரம் என்று கேட்கும்போது அவர் பதிலே போடுவதில்லை. "அவனுக்கு இப்பல்லாம் ஆர்வமில்லை" என்று மற்றவர்கள் முடிவு கட்டிவிடுகிறார்கள். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. ஆனாலும் ஒரு மனிதர் விலகிப் போய்விட்டார், அவர் ஏன் போனார் என்பது யாருக்கும் சேதியாகவே வரவில்லை.

காலை வணக்கப் படங்கள், கட்சிச் சண்டை, மூலிகை வைத்தியம் என்று வரும் ஃபார்வர்டுகளைப் பலரும் பெரிய குறையாகச் சொல்கிறார்கள். என்னைக் கேட்டால் அது சின்ன விஷயம். அந்தப் படம் வராத நாளில்தான், ஆளுக்கு என்ன ஆயிற்று என்ற விசாரணையே தொடங்குகிறது.

பெரிய குறை, கூடப் படித்த பெண்கள் இல்லாமல் போவது. கல்யாணமாகி ஊர் மாறி, இனிஷியல் மாறி, மகனின் போனை நம்பியிருப்பவர்களை யாரும் தேடுவதில்லை. கணவருக்கு டயாலிசிஸ், படுத்த படுக்கையாய் மாமியார் என்று நடு முதுமையின் பாரத்தைத் தூக்குகிறவர்கள் பெரும்பாலும் இவர்கள்தான். குழுவில் நான்கைந்து பெண்கள் இருந்தாலும், நாற்பது ஆண்கள் வாடா போடா என்று பேசும் இடத்தில் அவர்கள் எழுதுவது பிறந்தநாள் வாழ்த்தோடு நின்றுவிடுகிறது.

நடுவில் விடுபடும் இந்த வருடங்களை எழுத வைப்பது ஒரு வழி. அமெரிக்காவின் ஹார்வர்டு கல்லூரியில் ஒவ்வொரு செட்டும் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை 'ரெட் புக்' என்ற தொகுப்பைக் கொண்டுவருகிறது. அவரவர் வாழ்க்கையை அவரவரே எழுதி அனுப்புகிறார்கள். நிதானமாக யோசித்து எழுத இடம் கிடைப்பதால் மணமுறிவும் மரணமும்கூட அதில் பேச்சாகின்றன. இருந்தாலும், எழுத மனமில்லாதவர் அங்கேயும் எழுதப் போவதில்லை. எழுதச் சொல்லி மட்டும் இந்த மௌனத்தை உடைக்க முடியாது என்றே நினைக்கிறேன்.

போன் பண்ண வேண்டும். எல்லோருக்கும் பொதுவாக "நலமா" என்று போடுவது போதாது. பெயர்ப் பட்டியலை நாலைந்து பேர் பிரித்துக்கொண்டு, ஆறு மாதமாகப் பேசாதவர்களை மட்டும் கூப்பிட வேண்டும். சந்திப்புச் செலவை முடிந்தவர்கள் ஏற்க வேண்டும். யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்ற பட்டியலைக் குழுவில் போடக் கூடாது. ஒருவரின் கஷ்டத்தை அவர் சம்மதம் இல்லாமல் நூறு பேர் முன்னால் வைக்கவும் கூடாது. நல்ல மனதோடு செய்தாலும் அது அவரை இன்னும் தூரத் தள்ளும். பொன்னேரி, கும்மிடிப்பூண்டிப் பக்கத்துக் குழுக்கள் அடுத்த சந்திப்புக்கு மண்டபம் பார்ப்பதற்கு முன் பெயர்ப் பட்டியலோடு உட்காரலாம். மாணவிகளின் பெயரிலிருந்து ஆரம்பிப்பது நல்லது. அவர்களின் அண்ணன், தம்பி பலர் இன்னும் ஊரிலேயே இருக்கிறார்கள், நம்பர் வாங்கிவிடலாம்.