யார் பார்க்கும் உடுப்பு இது?

பப்ஜி மொபைல் வந்தது 2018இல். நூறு பேர் பாரசூட்டில் குதிப்பதும், துப்பாக்கி தேடி ஓடுவதும், வட்டம் சுருங்குவதும் வந்தாறுமூலையில் தரம் ஏழு படிக்கும் பொடியனுக்கும் தெரியும். ஆகவே துப்பாக்கிகளை விடுவோம். சில மாதங்களாக நான் கவனித்து வருவது அதன் உடுப்புகளை. எங்கள் ஸ்குவாடில் கம்பஸ் பொடியன்மார் இரண்டு பேர், கட்டாரில் வேலை செய்யும் மச்சான், பிறகு நான். லாபியில் நால்வரும் வரிசையாக நின்றதும் முதலில் எழும் பேச்சு, "மச்சான், இது எப்ப எடுத்த?" என்பதுதான்.

வேலைப்பாடு அருமை. ஓடும்போது துணி மடிகிறது, திரும்பும்போது உலோகத்தில் வெளிச்சம் வழுக்குகிறது. 2020இல் வந்த பொன்னிற ஃபாரோ எக்ஸ்-சூட்டை லாபியில் சுற்றிச் சுற்றிப் பார்க்கலாம். உடுப்பு எதுவானாலும் உயிர் கூடுவதில்லை, குண்டின் தாக்கம் குறைவதில்லை. காசு உள்ளவனுக்குக் கவசம் விற்காத இந்த நேர்மைக்காகவே இந்த கேம் எனக்குப் பிடிக்கும்.

ஆனால் களத்தில் இறங்கியதும் அந்த அழகு நமக்கு எதிராகத் திரும்புகிறது. இது ஒளிந்து பிழைக்கும் ஆட்டம். எரங்கல் வரைபடத்தில் எங்கும் புல். ஆனால் தூரத்துப் புல்லை கேம் வரைவதில்லை. பக்கத்தில் வருபவனுக்கு நீங்கள் புல்லுக்குள் மறைந்திருப்பீர்கள். தொலைவில் ஸ்கோப் பிடித்திருப்பவனுக்கோ வெறும் தரையில் படுத்திருப்பீர்கள். அந்த நேரத்தில் பொன்னும் சிவப்பும் மினுங்கினால் முதல் தோட்டா உங்களுக்குத்தான். மங்கிய பழுப்புச் சட்டையோடு இறங்கும் நாட்களில் நான் கடைசி வட்டம் வரை போவது அதிகம். மிராமர் பாலைக்கு மணல் நிறம், விகெண்டிப் பனிக்கு வெள்ளை. இவை பெரும்பாலும் மலிவான உடுப்புகள்.

அப்படியானால் விலையுயர்ந்த உடுப்பை யார் பார்க்கிறார்கள்? விளையாடுபவர் பார்ப்பது தன் முதுகை மட்டும். எதிரியின் திரையிலும் அது தெரியும் என்ற உறுதி இல்லை. உடுப்புகளின் கோப்புகளைத் தனியாக இறக்க வேண்டும். இறக்காதவரின் திரையில் உங்கள் அலங்காரம் சாதாரண உடுப்பாகவே வரும். டேட்டாவை எண்ணி எண்ணிச் செலவழிக்கும் எங்கள் ஊரில் பலர் அந்தக் கோப்புகளைத் தொடுவதே இல்லை.

நிதானமாகப் பார்ப்பவர் ஒருவர் உண்டு: உங்களால் செத்தவர். செத்த பிறகு கொன்றவரின் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். தோற்ற கோபம் ஆறும் முன்னே வென்றவனின் உடுப்பு கண்ணில் படுகிறது. இதைவிட வலுவான விளம்பரப் பலகை கிடையாது. 2017 ஒக்டோபரில் ஆக்டிவிஷன் நிறுவனத்துக்குக் கிடைத்த காப்புரிமை ஒன்று, பொருள் வாங்கத் தூண்டும் வகையில் ஆட்டக்காரரை ஜோடி சேர்க்கும் முறையை விவரித்தது. எந்த கேமிலும் அதைப் பயன்படுத்தவில்லை என்று அந்நிறுவனம் சொன்னது. ஆனால் பொறாமையால் விற்கலாம் என்ற எண்ணம் இத்துறையில் எழுதப்பட்ட ஒன்று என்பதை அந்தக் காகிதமே காட்டுகிறது.

உடுப்பு என்றால் எங்கள் பக்கத்தில் வடமோடிக் கூத்துத்தான் நினைவுக்கு வரும். கரப்புடுப்பும் முடியும் பாரம். அந்தப் பாரத்தோடு விடியவிடிய ஆடவேண்டும். களரியைச் சுற்றி எந்தப் பக்கம் இருந்தாலும் வருவது அரசன் என்று உடுப்பே சொல்லிவிடும். 2007இல் வந்த டீம் ஃபோர்ட்ரஸ் 2 என்ற கேமும் இதையே செய்தது: நிழலுருவம் ஒன்றை வைத்தே எதிரி எந்த வகை என்று அறியலாம். 2020இன் வாலரண்ட் ஆட்களின் தோற்றத்தைத் தொடாமல் துப்பாக்கி அலங்காரங்களை விற்கிறது. பப்ஜியின் உடுப்பு ஆடுபவனின் திறமையையும் சொல்வதில்லை, பாத்திரத்தையும் சொல்வதில்லை. எவ்வளவு செலவழிந்தது என்பதை மட்டும் சொல்கிறது.

அதுவும் நேரடி விலையில் அல்ல. நல்ல உடுப்புகளில் பல பெட்டிக்குள் இருக்கின்றன. காசு கொடுத்து வாங்கும் யூசி என்ற கேம் நாணயத்தைக் கொடுத்துத் திறக்க வேண்டும். என்ன விழும் என்பது அதிர்ஷ்டம். விழுவதில் சில ஏழு நாளில் காலாவதியாகிவிடும். பெட்டியில் எது எத்தனை வீதம் விழும் என்று வெளியிட வேண்டுமென 2017 டிசம்பரில் அப்பிள் விதித்தது. 2018 ஏப்ரலில் பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் ஓவர்வாட்ச், ஃபிஃபா 18, கவுண்டர்-ஸ்ட்ரைக் ஆகியவற்றின் பெட்டிகள் அந்நாட்டுச் சூதாட்டச் சட்டத்தை மீறுவதாகச் சொன்னது. தரம் ஏழு பொடியனின் கையில் இருப்பதும் அதே வகைப் பெட்டிதான். அவனுடைய தாய் லொத்தர்ச் சீட்டு வாங்கக் காசு கொடுப்பாரா? இதற்கும் கொடுக்கக் கூடாது.

முடிவாக: பப்ஜி மொபைலை விளையாடுங்கள்; ஸ்குவாடாகச் சேர்ந்து ஆட அருமையான கேம் அது. உடுப்பு ஆசையும் தப்பில்லை. விலை எழுதி விற்கும் உடுப்பு பிடித்தால் வாங்குங்கள், பெட்டியைத் திறக்காதீர்கள். தயாரிப்பாளரிடம் நான் கேட்பது இரண்டு: எல்லா உடுப்புக்கும் நேர் விலை போடுங்கள், எங்கள் சாரத்தையும் ஓர் உடுப்பாகக் கொண்டுவாருங்கள். மங்கல் நிறத்தில் வந்தால் எரங்கலுக்கும் உதவும்.