31 கோல் வாங்கியவர்கள் கேட்டது ஒன்றே ஒன்று

2001 ஏப்ரல் 11, காஃப்ஸ் ஹார்பர். உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் ஆஸ்திரேலியா 31, அமெரிக்கன் சமோவா 0. ஆர்ச்சி தாம்சன் மட்டும் 13 கோல். பாஸ்போர்ட் சிக்கலில் முதல்நிலை வீரர்கள் ஆட முடியாமல் போக, கோல்கீப்பர் நிக்கி சலாப்புவோடு பொடியன்களைச் சேர்த்து இறக்கிய அணி அது. சர்வதேசக் கால்பந்தில் அதைவிடப் பெரிய தோல்வி இதுவரை இல்லை. அந்த அணியை வைத்துக் காமெடிப் படம் என்றால் கொஞ்சம் உதறும். எடுத்தவர் டைகா வைட்டிட்டி என்பதால் துணிந்து போனேன்.

'நெக்ஸ்ட் கோல் வின்ஸ்' படத்தின் ஆட்ட நாயகன், கோபக்காரப் பயிற்சியாளர் தாமஸ் ரோங்கனாக வரும் மைக்கேல் ஃபாஸ்பெண்டர் அல்ல. சங்கத் தலைவர் தவீட்டாவாக வரும் ஆஸ்கர் கைட்லி. ஜெயிக்க வேண்டாம், ஒரு கோல் அடித்தால் போதும் என்று கைமாற்று கேட்பவரைப் போலக் கேட்கிறார். ஆனால் குரலில் கெஞ்சல் துளியும் இல்லை. ஃபாஸ்பெண்டர் கத்தக் கத்த இவர் முகம் மாறுவதே இல்லை. சிரிப்பெல்லாம் அந்த அசையாத முகத்தில்தான். தோற்றவர்களைக் கேலி செய்யாமல், தோல்விக்குக் கூனிக் குறுகாதவர்களைப் பார்த்து மிரளும் வெளியூர்க்காரரைக் கேலி செய்கிறார் வைட்டிட்டி.

கால்பந்துப் படமாகப் பார்த்தால் ஓட்டை நிறைய. 31 கோல் விட்ட தற்காப்பு எப்படி இறுகியது என்பதற்குப் படத்தில் பதில் இல்லை; பயிற்சிக் காட்சிகள் ஜோக்கோடு ஜோக்காக ஓடிவிடுகின்றன. உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் ஆடிய முதல் திருநங்கை ஜையா சாயெலுவா, தடுப்பாட்டக்காரர். அந்த வேடத்தில் கைமானா மனதில் நிற்கிறார். ஜையாவின் தடுப்பாட்டம் நிற்கவில்லை. அதைப் பார்க்க, இதே பெயரில் 2014இல் வந்த ஆவணப்படத்துக்குத்தான் போக வேண்டும்.

2011 நவம்பரில் டோங்காவை 2-1 என வென்ற ஆட்டம்தான் உச்சக்கட்டம். அதன் கடைசிப் பகுதியை நேரடியாகக் காட்டாமல், மயங்கிவிழுந்த தவீட்டாவுக்கு மகன் கதையாகச் சொல்வதாக வைத்தது அசல் வைட்டிட்டி குறும்பு. நிஜத்தில் இரண்டாவது கோலை அடித்த ஷாலோம் லுவானி, பிறகு அமெரிக்கக் கால்பந்துக்குத் தாவி 2017இல் ரெய்டர்ஸ் அணிக்கே போய்விட்டார்!

படம் டோங்காவோடு முடிகிறது. அதே வாரம் குக் தீவுகளோடு 1-1 டிரா. அடுத்து சமோவாவிடம் கடைசி நிமிடங்களில் வாங்கிய கோலால் 0-1 தோல்வி, சுற்றிலிருந்து வெளியேற்றம். அந்த 90 நிமிடத்தையும் வைட்டிட்டி எடுத்திருக்கலாம்.