ஆணித்தழும்பு எங்கே?

சில ஆண்டுகளாக ஈஸ்டர் வந்தால் ஒரு வாதமும் கூடவே வந்துவிடுகிறது: சூப்பர்மேன்தான் இந்த யுகத்தின் கிறிஸ்து, செத்துத் திரும்பும் காமிக்ஸ் நாயகர்கள் எல்லோரும் நற்செய்தியின் மறுபதிப்புகள். ஆம்பூரில் ஒரு வாலிபர் கூட்டத்தில், கைகளை விரித்து வானில் மிதக்கும் அவனுடைய படத்தைத் திரையில் காட்டி இதைச் சொன்னார்கள். பிள்ளைகள் கைதட்டினார்கள். திரைப்படங்களும் அதற்கு இடம் தருகின்றன. 1978 படத்தில் தகப்பன் தன் ஒரே மகனைப் பூமிக்கு அனுப்புகிறார்; 2013 படத்தில் நாயகனுக்கு வயது 33. காமிக்ஸையும் விசுவாசத்தையும் சிறுவயது முதல் ஒன்றாகவே நேசித்து வந்தவன் என்பதால் சொல்கிறேன்: இந்த ஒப்புமை இரண்டையும் சிறுமைப்படுத்துகிறது.

தொடக்க காலத்தில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. 1938-இல் சூப்பர்மேனைப் படைத்த ஜெர்ரி சீகலும் ஜோ ஷஸ்டரும் யூத இளைஞர்கள். அழியும் உலகிலிருந்து பெற்றோர் அனுப்பிவைத்த குழந்தை என்ற கதையில் நாணற்பெட்டியில் மிதந்த மோசேயின் சாயல்தான் இருக்கிறது. அடுத்த முப்பது ஆண்டுகளில் எந்தப் பெரிய நாயகனுக்கும் சாவு நிலைக்கவில்லை. நம் பக்கமும் அப்படியே. 1972-இல் முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவியோடு தொடங்கியது. 1984-இல் லயனும் ராணியும் வந்தன. மாயாவி மறைவான், லயனில் வந்த ஸ்பைடர் தப்புவான், ரோபோ ஆர்ச்சி நொறுங்கினாலும் பழுது பார்க்கப்படுவான். சாவு வில்லன்களின் பாடு.

அமெரிக்காவில் அந்த முப்பது ஆண்டுகளுக்குப் பின் வந்தது நான் நேசிக்கும் பத்தாண்டு. 1973-இல் பாலத்திலிருந்து விழும் க்வென் ஸ்டேசியைக் காப்பாற்ற ஸ்பைடர்மேன் வலையை வீசுகிறான். அந்த வலை இழுத்த வேகத்திலேயே அவள் கழுத்து முறிகிறது. பிறகு அவளுடைய நகல்கள் வந்தன, அவள் வரவில்லை. 1982-இல் ஜிம் ஸ்டார்லின், தன் தகப்பனைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரத்தோடு, கேப்டன் மார்வெலின் மரணத்தை எழுதி வரைந்தார். அதில் அவனைக் கொல்வது சண்டை அல்ல. பழைய மோதலொன்றில் சுவாசித்த நச்சுவாயு புற்றாகிறது. உலகின் அத்தனை மேதைகளும் மருந்து தேடித் தோற்கிறார்கள். நாயகர்கள் படுக்கையைச் சுற்றி நிற்கிறார்கள். பரம எதிரிகளான ஸ்க்ரல்கள்கூட ஆள் அனுப்பிப் பதக்கம் அணிவிக்கிறார்கள். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் தாழ்வாரங்களில் உறவுக்காரருக்காகக் காத்திருந்த எவருக்கும் அந்தப் படுக்கையறை அந்நியமல்ல. சூப்பர் ஹீரோ காமிக்ஸ் சாவை முழுதாக மதித்த புத்தகம் அதுதான்.

பிறகு வணிகம் விழித்துக்கொண்டது. 1988-இல் பேட்மேனின் துணைவன் ஜேசன் டாட் வாழவேண்டுமா சாகவேண்டுமா என்று வாசகர்களிடம் தொலைபேசி வாக்கெடுப்பு நடந்தது. சாகட்டும் என்றவை 5343, வேண்டாம் என்றவை 5271. எழுபத்திரண்டு அழைப்புகளில் ஒரு சிறுவன் செத்தான்; 2005-இல் எழுப்பப்பட்டான். 1992 நவம்பரில் சூப்பர்மேன் இறந்த இதழ் கறுப்பு உறையில், கையில் கட்டிக்கொள்ளத் துக்கப்பட்டையோடு லட்சக்கணக்கில் விற்றது. அடுத்த ஆண்டே ஆள் திரும்பிவிட்டான். கேப்டன் அமெரிக்கா 2007-இல் சுடப்பட்டு 2009-இல் வந்தான். 2019-இல் எக்ஸ்-மென் கதையில் இது ஒரு நிர்வாகமாகவே ஆகிவிட்டது: ஐந்து மியூட்டன்ட்டுகள் சேர்ந்து புதிய உடலை வளர்க்க, சேமித்துவைத்த நினைவுகள் அதில் ஏற்றப்படும். மியூட்டன்ட்டுகளுக்கு மட்டும்.

எங்கள் ஊரான ஆம்பூரின் தோல் தொழிலை அறிந்தவர்களுக்கு இதன் பெயர் தெரியும். உப்புப் போட்ட பச்சைத் தோலை ஊறவைத்து, சுண்ணாம்பில் போட்டு மயிர் நீக்கி, சவ்வு சீவி, அன்று ஆவாரம் பட்டையிலும் இன்று குரோமிலும் பதனிடுகிறோம். அழுகல் நிற்கும், தோல் பல ஆண்டு உழைக்கும். மாடு எழுந்து வராது. 1993-இல் சூப்பர்மேனுக்கு டி.சி. நிறுவனம் செய்தது பதனிடல். நீலச் சட்டையும் சிவப்பு அங்கியும் கெடாமல் காக்கப்பட்டன.

திருச்சபை சொல்வது வேறு. லாசரு திரும்பி வந்தான். மறுபடியும் சாகவேண்டியவனாக வந்தான். இயேசு திரும்பி வரவில்லை, உயிர்த்தெழுந்தார். அந்த உடலில் ஆணித்தழும்புகள் இருந்தன, தோமா அவற்றைத்தான் கேட்டார். மகிமையடைந்த உடலும் காயத்தை மறைக்கவில்லை என்பதே நற்செய்தியின் துணிச்சல். 1946-இல் வேலூருக்கு வந்த பால் பிராண்ட், தொழுநோயில் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்திய மருத்துவர். தன் நோயாளிகளிடம் கிறிஸ்துவின் கைகளைப் பற்றி, எழுந்த பின்னும் தழும்பு மாறாத அந்தக் கைகளைப் பற்றி, அவர் பேசியிருக்கிறார். கேட்டவர்கள் தங்கள் கைகளை மறைத்தே பழகியவர்கள். மரணத்திலிருந்து திரும்பிய சூப்பர்மேனின் கையில் அவர்களுக்குக் காட்ட என்ன இருக்கிறது?

இன்னொன்று இதைவிட முக்கியம். பவுல் கிறிஸ்துவை முதற்பலன் என்கிறார். முதற்பலன் என்றால் பின்னால் முழு அறுவடையும் வரவேண்டும். பக்கத்துத் தெருப் பள்ளிவாசலில் நம்பப்படும் மறுமை நாளும் எல்லோருக்குமானதே. காமிக்ஸில் திரும்புகிறவர்கள் அட்டையில் பெயர் உள்ளவர்கள். ஸ்பைடர்மேனின் பெரியப்பா பென் பார்க்கர், வயதான, சம்பளத்துக்கு உழைத்த மனிதர், இன்றும் கல்லறையில்தான் இருக்கிறார்.

கிறிஸ்தவ நம்பிக்கைக்கு ஏதோவொரு காமிக்ஸ் அருகில் வருகிறதென்றால், விமர்சகர்கள் ஒதுக்கிவைத்த வேதாளன்தான். 1936-இல் லீ ஃபாக் படைத்தவன். 1964-இல் இந்திரஜால் காமிக்ஸ் அவனோடுதான் தொடங்கியது. ராணி காமிக்ஸில் அவனே முகமூடி வீரர் மாயாவி; இரும்புக்கை மாயாவி வேறு. கறுப்பர்களின் காட்டைக் காக்க ஒரு வெள்ளையன் என்ற கறை அவன்மேல் உண்டு, அதை நான் மன்னிக்கவில்லை. ஆனால் சாகாதவன் என்று ஊர் நம்பும் அவனுக்குப் பின்னால், மண்டை ஓட்டுக் குகையில், இருபது முன்னோர்களின் சமாதிகள் இருக்கின்றன. ஒவ்வொருவரும் மெய்யாகவே செத்தார்கள். திரும்பி வருவது ஆளல்ல, ஏற்றுக்கொண்ட சபதம். அவனிடமும் உயிர்த்தெழுதல் இல்லை. சாவைப் பற்றிய பொய்யும் இல்லை.

இதை நாம் அவனிடம் கற்கவேண்டியதில்லை. ஆம்பூரிலேயே நிருபதுங்க பல்லவன் காலத்து, ஒன்பதாம் நூற்றாண்டு நடுகற்கள் கிடைத்திருக்கின்றன. ஆநிரை கவரப்பட்டபோது எதிர்த்து நின்று பட்டவர்களுக்கு எடுத்த கற்கள். பிற்காலத்தில் மாட்டுத்தோலால் பிழைக்கப்போகும் ஊரில், மாட்டுக்காக மாண்டவனுக்குக் கல். செங்கம் வரை இந்த வட்டாரமெங்கும் இத்தகைய கற்கள் நிற்கின்றன. உடலில் தைத்த அம்போடு வீரனைச் செதுக்கியவையும் உண்டு. காயத்தோடுதான் அவன் வழிபடப்படுகிறான்.

தமிழில் சொந்தமாக ஒரு நாயகனை வரைய முனையும் இளைஞர்கள் இந்தக் கற்களிடம் வந்து நிற்கவேண்டும். அமெரிக்க நாயகர்களின் அங்கிக்கு வேட்டி கட்டிவிடுவதால் பயனில்லை. நாயகன் சாகட்டும், கடைசிப் பக்கத்தில் அவனை எழுப்பவேண்டாம். 2015 ஜனவரி 31 அதிகாலை ராணிப்பேட்டை சிப்காட்டில், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்துத் தோல் தொழிற்சாலையில் உறங்கியவர்கள்மேல் கழிவுச்சேறு பாய்ந்தது. பத்துத் தொழிலாளர்கள் இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். நாயகனை எழுப்பித்தான் தீரவேண்டுமென்றால், அந்தப் பத்துப் பேரையும் அதே கட்டத்தில் எழுப்பி வரையட்டும்.